டைட்டானியம் வளையமும் இரண்டு டிரம்களும்: காரைக்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியிலிருந்து புதுவயல் போகும் வழியில் உள்ள ஒரு பட்டறையைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். புதுவயலைச் சுற்றி அரிசி ஆலைகள் நிறைய. ஷாஃப்ட், புஷ், புல்லி என்று அந்த ஆலைகளுக்குச் செய்து கொடுத்தே வளர்ந்த இடம். உரிமையாளரின் மகன் பெங்களூரில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்கள் போட்டான். அப்புறம்தான் விமான இன்ஜின் பாகங்களுக்குத் துணை ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம் ஒன்றிடமிருந்து ஒரு சின்ன ஆர்டர் கிடைத்தது. உள்ளங்கை அகல டைட்டானியம் வளையங்கள், விளிம்பைச் சுற்றி அடைத்த துளைகள் (மறுபக்கம் திறக்காதவை), துளைக்குள் மரை. கம்ப்ரசர் பகுதியில் உட்காரும் பாகம். ஓடும்போது 300 டிகிரி செல்சியஸ் வரை சூடு வாங்கும்.

உலோகம் கிரேடு 5. அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம். இன்ஜின்களிலும் விமான உடலிலும் அதிகம் பயன்படும் கலவை இதுதான்.

முதல் தொகுதி கடைசலும் துளையும் முடிந்து வெப்பப் பதப்படுத்தலுக்குப் போகத் தயாராக இருந்தது. ஒரு சிறு பகுதி முன்கூட்டியே போய்த் திரும்பியும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஆர்டர் கொடுத்தவர்களின் தர ஆய்வாளர், துடைக்கவும் கழுவவும் பயன்படுத்தும் கரைப்பான்கள் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் கேட்டு அனுப்பினார். பட்டறையில் ஒரு தாளும் இல்லை. வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: ஹாலஜன் (குளோரின் வகைத் தனிமங்கள்) கலந்த கரைப்பான்களும் மெத்தனாலும் பாகத்தில் படக் கூடாது. அதை யாரும் படித்திருக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

பட்டறையில் என்ன இருந்தது

இரண்டு டிரம்கள். முதலாவது டிரைக்குளோரோஎத்திலீன். பித்தளைப் பாகங்களை முலாம் பூச அனுப்பிய காலத்தில் ஆவிக் கழுவல் தொட்டிக்கு வாங்கியது. பட்டறை பாஷையில் 'டிரைக்குளோர்'. 87 டிகிரியில் கொதிக்கும். ஆவி குளிர்ந்த பாகத்தின் மேல் படிந்து வழியும்போது எண்ணெயை அள்ளிக்கொண்டு போகும். தீப்பற்றும் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கொழுப்பை இவ்வளவு சுத்தமாக எடுக்கும் திரவங்கள் குறைவு என்பதை மறுக்க முடியாது.

இரண்டாவது டிரம்மில் வெறுமனே 'தின்னர்' என்று எழுதியிருந்தது. பெயின்ட் கடை வழியாக வந்தது. கடைசித் துடைப்புக்கு இதுதான்.

எந்த வளையம் எந்தத் திரவத்தைப் பார்த்தது என்று பதிவேட்டில் இல்லை. கழுவும் இடத்தில் நிற்கும் அக்காவிடம் கேட்டோம். அவர் தயங்கவே இல்லை. "தொட்டியில இருக்கிறது இனிப்பா வாசம் அடிக்கும் சார், கொஞ்ச நேரம் குனிஞ்சு நின்னா தலை சுத்தும். தின்னரு கையில பட்டா சில்லுன்னு இருக்கும், அப்புறம் தோலு வெளுத்துப்போகும். வளையம் எல்லாமே ரெண்டுலயும் போயிருக்கு." அந்த ஒரு வாக்கியத்தில் பாதி ஆய்வு முடிந்துவிட்டது. தலை சுற்றல் தனி விஷயம், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: டிரைக்குளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. டைட்டானியத்துக்கு ஒன்றும் ஆகாது என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் தொட்டியை மூடியிருக்க வேண்டும்.

தின்னருக்கான தரவுத் தாளைக் கடைக்காரர் வழியே தயாரிப்பாளரிடம் வாங்கினோம். டொலுவீன், அசிட்டேட், அப்புறம் மெத்தனால்.

"சிக்ரியில உப்புத் தண்ணியிலயே போட்டு வெச்சிருக்காங்களே?"

பட்டறை உரிமையாளர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. காரைக்குடிக்காரர் யாரும் கேட்பார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்தது சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு. குளோரினும் காஸ்டிக் சோடாவும் தயாரிக்கும் மின்பகுப்புக் கலங்களுக்கு டைட்டானியத்தை அடித்தளமாகக் கொண்ட கரையாத நேர்மின்வாய்களை அங்கே உருவாக்கினார்கள். செறிவான உப்புநீரில், குளோரின் குமிழியிடும் இடத்தில், அந்த டைட்டானியம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. அப்படிப்பட்ட உலோகத்துக்கு ஒரு வாளி டிரைக்குளோர் என்ன செய்துவிடும்?

இங்கேதான் டைட்டானியத்தின் நல்ல பெயரே ஆளை ஏமாற்றுகிறது. அதைக் காப்பது மேலே இருக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். கீறினால் உடனே மறுபடி வளரும், ஆனால் வளர ஈரமோ ஆக்சிஜனோ வேண்டும். ஈரமுள்ள குளோரினில் டைட்டானியம் அசையாது. அதே குளோரின் முழுக்க உலர்ந்து போனால் டைட்டானியத்தைத் தின்றுவிடும், சமயத்தில் தீப்பிடிக்கவும் செய்யும். மின்பகுப்புக் கலத்தில் தண்ணீர் தாராளம், சூடு 90 டிகிரிக்குள், உலோகத்தின் மேல் பெரிய இழுவிசையும் கிடையாது. இன்ஜின் வளையத்தின் கதை வேறு. கடைசலில் உள்ளே தங்கிய இழுவிசை, துளையின் மூலையில் ஒட்டியிருக்கும் உலர்ந்த குளோரைடு, மேலே பல நூறு டிகிரி சூடு. இந்த மூன்றும் சேர்ந்தால் வருவது சூட்டு உப்பு விரிசல்.

இது தெரிய வந்த விதம் சுவாரசியமானது. 1950களில் டைட்டானியம் கலவைகளைச் சூட்டில் நெடுநேரம் இழுத்துச் சோதிக்கும்போது சில மாதிரிகள் எதிர்பாராமல் விரிசல் விட்டன. காரணம் தேடியபோது அகப்பட்டது கைரேகை. மாதிரியைத் தொட்டவரின் விரல் வியர்வையில் இருந்த உப்பு. சுமார் 260 டிகிரிக்கு மேல், இழுவிசை இருக்கும்போது, உப்பும் சிறிது ஈரமும் சேர்ந்து வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டாகிறது. அது உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்கிறது. ஆய்வகத்தில் எளிதாக வரவழைக்கக்கூடிய இந்த விரிசல் ஓடும் இன்ஜின்களில் அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். பறக்கும்போது சூடு ஏறி ஏறி இறங்குகிறது, காற்று வேகமாக அடித்துப் போகிறது. ஆனால் நம் வளையம் போக இருந்தது இன்ஜினுக்குள் அல்ல, உலைக்குள். உள்ளிழுவிசையைத் தளர்த்த 480 முதல் 650 டிகிரி வரை சூடாக்கி மணிக்கணக்கில் வைப்பார்கள். இழுவிசை இன்னும் முழுசாக இருக்கும்போதே சூடு ஏறத் தொடங்குகிறது. கழுவியதில் மிச்சம் விடக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தப் படிக்கு முந்தைய கழுவல்தான்.

டிரைக்குளோரில் இருக்கும் குளோரின் கார்பனோடு கட்டுண்டது. புதுத் திரவத்தால் ஒரு தட்டையான முகத்தைத் துடைத்துக் காயவிட்டால் அநேகமாக எதுவும் தங்காது என்பது என் கணிப்பு. அண்ணனிடமும் அதை மறைக்கவில்லை. ஆனால் பட்டறைத் தொட்டியில் இருந்தது புதுத் திரவம் இல்லை. அமிலமாகாமல் தடுக்கச் சேர்க்கும் நிலைப்படுத்திகள் சூட்டிலும் வெளிச்சத்திலும் ஈரத்திலும் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிரியும். தொட்டி அடியில் அலுமினியத் தூளும் கிடந்தது. டிரைக்குளோரும் அலுமினியப் பொடியும் கட்டுக்கடங்காமல் வினைபுரிந்த விபத்துகள் தொழில்துறையில் பதிவாகியிருக்கின்றன. அடைத்த துளைக்குள் மரையிடுக்கில் தேங்கும் ஒரு சொட்டுப் பழைய டிரைக்குளோர், உலையில் என்னவாகப் பிரியும் என்பதை யோசித்தாலே போதும்.

மெத்தனால் விஷயம்

இது இன்னும் விசித்திரம், ஏனென்றால் இதற்குச் சூடே வேண்டாம். 1966 அக்டோபரில், அமெரிக்காவின் அப்பல்லோ சர்வீஸ் மாட்யூல் ஒன்றின் டைட்டானிய எரிபொருள் தொட்டியை அழுத்தச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். உண்மையான எரிபொருள் நச்சு என்பதால், அதற்குப் பதிலாக மெத்தனால் நிரப்பியிருந்தார்கள். தொட்டி வெடித்தது. கலவை இதே கிரேடு 5. விசாரணையில் மெத்தனாலே இழுவிசை அரிப்பு விரிசலுக்குக் காரணம் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, எரிபொருளை எரியவைக்கும் திரவமான நைட்ரஜன் டெட்ராக்சைடு நிரப்பிய தொட்டிகளிலும் இதே மாதிரி நடந்திருந்தது. அங்கே திரவம் அளவுக்கு மீறித் தூய்மையாக இருந்ததுதான் சிக்கல். கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு சேர்த்ததும் நின்றது.

மெத்தனாலிலும் அப்படித்தான். ஒன்றிரண்டு சதவீதம் தண்ணீர் இருந்தால் விரிசல் அடங்கிவிடுகிறது, உலர்ந்த சுத்தமான மெத்தனாலே ஆபத்து. நாம் 'சுத்தம்' என்று காசு கூடக் கொடுத்து வாங்குவது இங்கே கேடு. அதற்காகத் தண்ணீர் கலந்த மெத்தனால் பாதுகாப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம். தின்னர் டிரம்மில் எவ்வளவு தண்ணீர் என்று தினமும் யார் அளப்பது? தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேறு வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே அதிகாரிகள் எழுந்து உட்காருகிறார்கள். சரியாகத்தான் செய்கிறார்கள்.

தின்னரால் துடைத்த வளையங்களுக்கு நிஜமான ஆபத்து எவ்வளவு? குறைவு என்றுதான் எழுதிக் கொடுத்தேன். கலவையில் மெத்தனால் ஒரு பங்குதான், தொடர்பு சில நிமிடம், தட்டிலேயே ஆவியாகிவிடும். ஆனால் வரைபடம் 'கூடாது' என்கிறது. துணை ஒப்பந்தக்காரர் தன் கணிப்பை வைத்து அந்தச் சொல்லைத் தாண்ட முடியாது.

பச்சைச் சுடர்

இரண்டு டிரம்களையும் ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று மகன் நினைத்தான். எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. டைட்டானியத்தில் மரை வெட்டுவது லேசான வேலை இல்லை. மரை வெட்டும் டேப் இறுகும், ஒட்டும், உடையும். எந்த எண்ணெயைப் போட்டு வெட்டினார்கள் என்று கேட்டேன். ஸ்டீல் வேலைக்கு வைத்திருந்த ஒரு கெட்டியான டேப்பிங் ஆயில்.

பழைய சோதனை ஒன்று இருக்கிறது. செம்புக் கம்பியின் நுனியை நீலச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பச்சை நிறம் வராத வரை சுத்தமாக்கி, ஆறவிட்டு, சந்தேகப்படும் திரவத்தில் லேசாகத் தொட்டு மறுபடி சுடரில் காட்ட வேண்டும். ஹாலஜன் இருந்தால் சுடர் பச்சையாகும். திறந்த வெளியில், டிரம்கள் பக்கத்தில் இல்லாமல், ஒரு சொட்டுக்கு மேல் எடுக்காமல் செய்ய வேண்டும். வரும் புகையை முகர்ந்துவிடக் கூடாது. வேப்பமரத்தடியில் செய்தோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு ஒன்றும் வரவில்லை. டேப்பிங் ஆயிலுக்குச் சுடர் நன்றாகப் பச்சை அடித்தது.

குளோரினேற்றிய பாராஃபின். அதிக அழுத்தத்தில் உலோகம் ஒட்டாமல் இருக்க எண்ணெயில் சேர்ப்பது. ஆவியாகாது, தண்ணீரில் கரையாது. அடைத்த துளையின் அடியில் மரைத் துகளோடு சேர்ந்து பசை போல உட்கார்ந்துகொள்ளும். டிரைக்குளோரைவிட எனக்கு இதுவே பெரிய கவலையாக இருந்தது. வரைபடக் குறிப்பு கரைப்பானைப் பற்றித்தான் பேசுகிறது, வெட்டும் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. குளோரின் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, உலைக்குள் அது குளோரின்தான்.

வேறு வாசல்களும் அகப்பட்டன. துடைக்கப் பயன்பட்டது திருப்பூர் பனியன் வேஸ்ட். எதில் வெளுத்த துணி என்று யாருக்கும் தெரியாது. கையுறை பிவிசி, பொட்டலம் கட்டும் உறையும் பிவிசி, இரண்டிலும் குளோரின் உண்டு. சித்திரை வெயிலில் வெறும் கையோடு வளையத்தைத் தூக்கிப் பார்க்காதவர் அந்தப் பட்டறையில் இல்லை, நான் உட்பட.

தண்ணீர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டில் இது பாதி முடிவைத் தீர்மானித்தது.

டிரைக்குளோருக்கு மாற்றாக நான் முதலில் பரிந்துரைத்தது இளஞ்சூடான காரக் கழுவல். குளோரைடு இல்லாத சோப்புக் கரைசல், 60 டிகிரி சூடு, அல்ட்ராசோனிக் தொட்டி. டைட்டானியத்துக்குப் பொருத்தமானது, மூச்சுக்கும் கேடில்லை. ஆனால் கழுவிய பிறகு அலச வேண்டும். பட்டறையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. தேநீர்கூடக் கேன் தண்ணீரில்தான் போடுகிறார்கள். இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரிலேயே லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1000 வரை போகலாம். குடிக்கலாம் என்பதும் டைட்டானியத்தை அலசலாம் என்பதும் ஒன்றல்ல. துளைக்குள் நிற்கும் சொட்டு காயும்போது தண்ணீர் போய் உப்பு மட்டும் தங்கும். அத்தனை பாடுபட்டு டிரைக்குளோரை நீக்கிவிட்டு, அலசலில் உப்பைக் கையால் தடவிய கதையாகிவிடும்.

அண்ணனுக்கு உடனே யோசனை வந்தது. "தம்பி, நம்ம வீட்டு முத்தத்துல மழைத் தண்ணி அண்டா அண்டாவா பிடிச்சு வெப்போம். அதுல உப்பு ஏது? இல்லேன்னா சம்பை ஊத்துத் தண்ணி இருக்கு, கல்கண்டு மாதிரி." காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீரைத் தாண்டிப் பெருமை பேச எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இனிப்பு என்பது நாக்கின் கணக்கு. மின்கடத்துத்திறன் மீட்டர் வைத்துக் காட்டினேன், தண்ணீரில் உப்பு கூடினால் அளவு கூடும். மழைநீர் நிஜமாகவே நன்றாக இருந்தது, ஊற்று நீர் நடுத்தரம், கிணற்று நீர் மோசம். மழைநீரில் ஓட்டுத் தூசியும் பறவை எச்சமும் எப்போது எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே அயனி நீக்கிய, அதாவது கரைந்த உப்புகளை எடுத்துவிட்ட தண்ணீர். சின்ன ரெசின் கருவி வாங்கியாயிற்று. மழைநீரை அந்தக் கருவிக்கு ஊட்டினால் ரெசின் அதிக நாள் உழைக்கும் என்று அண்ணன் சொன்னார். அது சரியான யோசனை, அப்படியே வைத்துக்கொண்டோம்.

கடைசித் துடைப்புக்கு எது

அசிட்டோனா, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. டைட்டானியத்தின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டுமே சரி, இரண்டிலும் ஹாலஜன் இல்லை. மெத்தனாலுக்கு மாற்றாக ஐசோபுரொப்பைலைப் பயன்படுத்துவது அப்பல்லோ விவகாரத்துக்குப் பிறகு தேறிய வழி. மெத்தில் எத்தில் கீட்டோனும் இந்த வேலைக்கு ஆகும், நாற்றம் சகிக்காது.

பட்டறையின் பக்கம் நின்று பார்த்தால் வேறு கணக்கு. அசிட்டோனின் தீப்பற்றுநிலை மைனஸ் 20 டிகிரி, ஐசோபுரொப்பைலுக்கு 12. காரைக்குடியில் கத்திரி வெயிலுக்கு 40 டிகிரி ஏறும்போது இரண்டுமே எப்போது வேண்டுமானாலும் பற்றக்கூடிய நிலையில்தான் இருக்கும். ஆனாலும் அசிட்டோன் விரைந்து ஆவியாகித் தரையோடு படர்ந்து போகும். பக்கத்துக் கொட்டகையில் கிரைண்டர் ஓடுகிறது. டைட்டானியத்தை அரைக்கும்போது பறக்கும் வெள்ளைப் பொறியைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். டைட்டானியத் தூள் பற்றிக்கொண்டால் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடோ ஊற்றி அணைக்க முடியாது. உலோகத் தீக்கான தூள் வேண்டும், இல்லையென்றால் நன்கு காய்ந்த மணல்.

ஐசோபுரொப்பைல் என்று முடிவானது. சின்ன அமுக்குக் குப்பியில் அன்றைக்குத் தேவையானது மட்டும். அல்ட்ராசோனிக் தொட்டியில் எந்தக் காரணத்துக்கும் ஊற்றக் கூடாது. மகன் சிக்கனமாகக் கொரோனா காலத்து சானிடைசர் கேன்களைக் கொண்டுவந்தான். அதில் தோலுக்காகக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், துடைத்த இடத்தில் அது படலமாக நிற்கும். திருப்பி அனுப்பினேன். நைட்ரைல் கையுறை, நார் உதிராத துணி, பாலித்தீன் உறை. சுத்தமா என்று பார்க்க ஒரே எளிய சோதனை: அயனி நீக்கிய தண்ணீரை வளையத்தின் மேல் ஓடவிட்டால் அரை நிமிடமாவது உடையாத படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது. உப்பு இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, அதற்கு அலசி வழியும் தண்ணீரின் கடத்துத்திறனை அளக்க வேண்டும். டேப்பிங்குக்குக் குளோரின் இல்லாத எண்ணெய் வந்தது. டேப் கொஞ்சம் சீக்கிரம் மழுங்குகிறது. அந்தச் செலவை விலையில் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன்.

ஏற்கெனவே செய்த வளையங்கள்

மகனுக்குச் சத்தம் போடாமல் மறுபடி கழுவி அனுப்பிவிட ஆசை. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "எழுதிப் போடுடா. அவுக வேண்டாம்னா வேண்டாம்." எந்தத் தொகுதி எதைப் பார்த்தது என்று அக்கா சொன்னதை அப்படியே வைத்து, பச்சைச் சுடர் சோதனையையும் சேர்த்து எழுதினோம்.

உலைக்குப் போகாதவற்றைக் காரக் கழுவலுக்கும் அயனி நீக்கிய அலசலுக்கும் பிறகு, அங்கீகாரம் பெற்ற இடத்தில் நைட்ரிக், ஹைட்ரோஃபுளூரிக் அமிலக் கலவையில் லேசாக அரித்து, ஒளிரும் ஊடுருவிச் சோதனை (விரிசலுக்குள் புகுந்து ஒளிரும் திரவத்தைத் தடவிப் பார்ப்பது) செய்து எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அமில வேலையைப் பட்டறையிலேயே செய்யலாமா என்று மகன் கேட்டான். கூடவே கூடாது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோல் வழியே எலும்பு வரை போகும். நைட்ரிக் பங்கு குறைந்தால் டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சும். கிரேடு 5 தகட்டில் ஹைட்ரஜன் 0.015 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற அளவுக்கு நுணுக்கமான விஷயம் அது.

உலைக்குப் போய் வந்த வளையங்களைத் தள்ளுபடி செய்தார்கள். அவற்றிலும் ஊடுருவிச் சோதனை செய்து பார்த்ததுதான், ஒரு விரிசலும் தெரியவில்லை. அண்ணனுக்கு இதுதான் ஆறவில்லை. வெடிப்பே இல்லாத பாகத்தை ஏன் தள்ள வேண்டும்? ஊடுருவித் திரவம் மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலைத்தான் காட்டும். மரையின் அடி இடுக்கில், கண்ணுக்கு எட்டாத அளவில் தொடங்கியிருந்தால் காட்டாது. உள்ளே புகுந்த ஹைட்ரஜனையும் காட்டாது. துளைக்குள் குளோரின் பசையோடு 600 டிகிரியைப் பார்த்த பாகம் நல்லது என்று நிரூபிக்க அதை வெட்டித்தான் பார்க்க வேண்டும், வெட்டினால் பாகம் போயிற்று. நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன். அவர்கள் தரப்பில் ஒன்றை மட்டும் குறையாகச் சொல்வேன்: அத்தனை முக்கியமான குறிப்பைப் பொடி எழுத்தில் வரைபட ஓரத்தில் போடாமல், ஆர்டரின் முதல் பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெரிதாகப் போட்டிருக்கலாம், வெட்டும் எண்ணெயையும் சேர்த்து.

டிரைக்குளோர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். மண்ணில் ஊற்றினால் நிலத்தடி நீரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. பட்டறைக்குப் பின்னால் ஊருணி. ஆகவே தொட்டியில் இருந்ததும் டிரம்மில் மிச்சமும் அபாயகரக் கழிவுக்கு அனுமதி பெற்றவர்களிடம் ரசீதோடு போயின. தின்னர் டிரம் பெயின்ட் கொட்டகைக்கு, சிவப்பு வளையம் பூசி.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. பழைய டேப்பிங் ஆயிலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலைக்கு அதே இயந்திரத்தில்தான் பயன்படுத்துகிறார்கள். வேலை மாறும்போது டேப்பையும் பிடிப்பானையும் கழுவி மாற்றுவதாக ஏற்பாடு. டைட்டானியத்துக்கென்று தனியாக ஒரு இயந்திரம் ஒதுக்குங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆர்டரின் அளவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார் அண்ணன்.